குடகனாறு: திண்டுக்கல் மறந்துபோன வெள்ளம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



போன வாரம் ஒரு தோழி வாட்ஸ்அப்பில் ஒரு பிளாட் விளம்பரம் அனுப்பினாள். திண்டுக்கல் பக்கம். பெரிய எழுத்தில் 'ரிவர் வியூ' என்று போட்டிருந்தது. கீழே நீலத் தண்ணீர் ஓடும் ஒரு ஆற்றின் படம். அது கண்டிப்பா நம்ம ஊர் இல்ல, பின்னாடி பனிமலை தெரியுது. அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஊரில் ஒரு இடம் வாங்கிப் போடச் சொல்லி வீட்டிலிருந்து தினமும் போன். அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "திண்டுக்கல்ல ஏதுப்பா ஆறு?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. திண்டுக்கல்னா பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை, அப்புறம் தண்ணிக் கஷ்டம். மதுரைக்கு வைகை, திருச்சிக்குக் காவிரி, நெல்லைக்குத் தாமிரபரணி. திண்டுக்கல்லுக்கு? உடனே வாயில் பேர் வராது.

பேர் குடகனாறு. 1977 நவம்பரில் அந்த ஆறு என்ன செய்தது, அதன் கரையில் இருந்த பழைய வீடுகளுக்கு வெள்ளம் வந்தால் என்ன ஆகும், இதெல்லாம் ஏன் நமக்குத் தெரியாமல் போனது, இதுதான் இன்றைய எபிசோட்.

முதலில் ஆறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கொடைக்கானலுக்குக் கிழக்கே, கீழ்ப்பழனி மலைகளில், ஆடலூர், பன்றிமலை பக்கம் மழை பெய்தால் அந்தத் தண்ணீர் ஆத்தூர் பக்கம் இறங்கும். அங்கே காமராஜர் நீர்த்தேக்கம் இருக்கிறது. திண்டுக்கல் நகரத்தின் குடிதண்ணீரில் ஒரு பங்கு ரொம்ப காலமா அங்கிருந்துதான் வருது. அதைத் தாண்டியதும் ஆறு ஒரு வேடிக்கை பண்ணும். தமிழ்நாட்டு ஆறுகள் பெரும்பாலும் கிழக்கே கடலைப் பார்த்து ஓடும். இது வடக்கே திரும்பும். திண்டுக்கல் நகரத்தைக் கிழக்கே விட்டுவிட்டு, வேடசந்தூர் வழியா, கரூர் மாவட்டத்துக்குள் போய் அமராவதியில் சேரும். அமராவதி காவிரியில் சேரும். காவிரி நமக்கு வராதுன்னு வருத்தப்படற ஊர், உண்மையில் காவிரிக்குத் தண்ணி அனுப்புற ஊர்.

வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் குடகனாற்றில் மணலும் சீமைக்கருவேலமும்தான். கரூர் போகிற நாலு வழிச்சாலையில் வேடசந்தூரைத் தாண்டும்போது பாலத்தின் மேல்தான் போகிறோம் என்பதே பல பேருக்குத் தெரியாது. ஆற்றைப் பற்றிச் செய்தி வந்தால் அது தண்ணீர் இல்லாத செய்தியாக இருக்கும். ராஜவாய்க்கால்ல எவ்வளவு விடணும், ஆத்துல எவ்வளவு விடணும்னு ஆத்தூர் பக்கத்து விவசாயிகளுக்கும் கீழே இருக்கிறவர்களுக்கும் சண்டை. இல்லையென்றால் தோல் ஷாப் கழிவுச் செய்தி. தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் கொடுத்த பிரபலமான தீர்ப்பில் வேலூர்ப் பக்கத்தோடு சேர்த்துத் திண்டுக்கல்லும் உண்டு. அது தனி எபிசோடுக்கான விஷயம், இப்போ விட்டுடறேன்.

இப்படிப்பட்ட ஒரு ஆறுதான் 1977-ல் ஒரு அணையையே உடைத்தது.

1977 நவம்பர் 12. அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு கடும்புயல் கரை கடந்தது. பொதுவா புயல் கரையேறினா சீக்கிரம் வலுவிழந்துடும். இது தமிழ்நாட்டின் நடுவே மேற்கு நோக்கி நடந்து, மறுநாள் கேரளத்தைத் தாண்டி லட்சத்தீவுக் கடலில் இறங்கியது. கடல் பக்கம் காற்று அடித்தது, உள்ளே வர வர மழை கொட்டியது. மாநிலம் முழுக்க 560 பேர் இறந்தார்கள், சுமார் 10 லட்சம் பேர் வீட்டை இழந்தார்கள் என்பது வானிலைத் துறையின் கணக்கு. 

புயலின் பாதையில் மலை குறுக்கே நின்றால் மழை அங்கேதான் அதிகம். மேலே மலை செங்குத்து, கீழே சமவெளி. அங்கே விழுகிற தண்ணீர் நிதானமாகச் சேர்ந்து வருவதற்கு நேரமே இல்லை. வருஷம் முழுக்கக் காய்ந்து கிடந்த ஆறு சில மணி நேரத்தில் நிறைந்துவிடும். காவிரியில் வெள்ளம் வருதுன்னா ரெண்டு நாளைக்கு முன்னாடியே மேலே இருந்து தகவல் வரும். இந்த மாதிரி காட்டாற்றில் தகவலும் தண்ணியும் ஒண்ணாத்தான் வரும்.

வேடசந்தூர் பக்கத்தில் அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே ஓர் அணை இருந்தது. மண் அணை. ஆற்றுப் படுகையிலிருந்து 11.45 மீட்டர் உயரம், அதாவது மூணு மாடி வீட்டுக்கும் மேல. ஐந்து மதகுகள், ஒவ்வொன்றும் 3.05 மீட்டர் அகலம். கொள்ளளவு 1 கோடியே 23 லட்சம் கன மீட்டர். ஒரு தண்ணி லாரி 12,000 லிட்டர் பிடிக்கும்னு வெச்சுக்கிட்டா, கிட்டத்தட்ட 10 லட்சம் லாரித் தண்ணி. அதிகபட்ச நீர்மட்டத்துக்கு மேலேயும் இரண்டரை மீட்டர் கரை விட்டுக் கட்டியிருந்தார்கள். பாதுகாப்புக்கு.

அந்த வெள்ளத்தில் ஊழியர்கள் தூங்கிவிடவில்லை. மதகுகளை நேரத்தோடு தூக்க ஆரம்பித்தார்கள். பாதி தூக்கும்போது கரண்ட் போய்விட்டது. புயல் நாள், போகத்தானே செய்யும். ஜெனரேட்டர் இருந்தது, அதை ஓட்டியும் பார்த்தார்கள். அது கைகொடுக்கவில்லை. கடைசியில் கையால் சுற்றித் தூக்கினார்கள். அதற்குள் தண்ணீர் கரையின் உச்சியைத் தொட்டு, மேலேறி, பின்பக்கச் சரிவில் அருவி மாதிரி விழ ஆரம்பித்தது.

கல்லணை, கான்கிரீட் அணை என்றால் மேலே தண்ணீர் வழிந்தாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மண் அணைக்கு அந்த வாய்ப்பு கிடையாது. முன்பக்கம் தண்ணீரைத் தாங்குவதற்குத்தான் அதன் வலுவெல்லாம். பின்சரிவில் தண்ணீர் வேகமாக ஓடினால் மண்ணை அரித்து எடுத்துக்கொண்டே போகும். அரித்த இடம் பள்ளமாகும், பள்ளத்தில் இன்னும் அதிகத் தண்ணீர் பாயும். வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் அணையில் ஓரிடத்தில் இல்லை, பல இடங்களில் உடைப்பு. சிறியது 20 மீட்டர், பெரியது 200 மீட்டர். கிட்டத்தட்ட அணை முழுக்கவே மூழ்கி உடைந்த மாதிரி.

சிவில் இன்ஜினியரிங் படித்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், 'அணைகள் ஏன் உடைகின்றன' பாடத்தில் 'கொடகனார் டேம்' என்ற பெயரைப் பார்த்திருக்கலாம். இதுதான் அது. ரெண்டு வருஷம் கழித்து, 1979 ஆகஸ்ட் 11-ல் குஜராத்தில் மச்சு நதியின் இரண்டாவது அணையும் இதே மாதிரி மேலே வழிந்து உடைந்தது. மோர்பி நகரமே அழிந்தது. அதைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது, ஆவணப்படம் இருக்கிறது. குடகனாற்றுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று உறுத்துகிறது. நம்ம ஊர்க் கண்மாய், குளம் எல்லாத்திலும் கலுங்குன்னு ஒண்ணு இருக்கும், பார்த்திருப்பீங்க. கரையை விடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய ஒரு சுவர். குளம் அந்த மட்டத்துக்கு நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் தானாக அதன் மேல் வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும். மறுகால் பாயுதுன்னு சொல்வோமே, அது. அதற்குக் கரண்ட் வேண்டாம், ஆபரேட்டர் வேண்டாம். நடுராத்திரியில் ஊரே தூங்கினாலும் வேலை செய்யும். மதகு வைத்த அணையால் தண்ணீரை இன்னும் நன்றாகக் கட்டுப்படுத்தலாம், உண்மைதான். ஆனால் யாராவது அதைத் திறந்தாகணும்.

அதுக்காக அந்தக் காலத்தில் எல்லாம் சரியா இருந்துச்சுன்னு சொல்ல வரல. கண்மாய்களும் உடைந்திருக்கின்றன. மேல் கண்மாய் உடைந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாயை உடைக்கும், அது அதற்கடுத்ததை. பெருமழைக் காலங்களில் கரையில் ஆள் போட்டுக் காவல் காத்த ஊர்கள் உண்டு. பயம் இருந்தது, அதனால் கவனமும் இருந்தது.

சரி, வீட்டுக்கு வருவோம்.

1977-ல் திண்டுக்கல் சமவெளியில் ஒரு கிராமத்துக்குள் நடந்தால் என்ன பார்த்திருப்பீர்கள்? மூன்று வகை வீடு. பெரும்பாலானவை மண் சுவர், மேலே கீற்றோ தட்டையோ வேய்ந்த கூரை. கொஞ்சம் வசதி என்றால் ஓட்டு வீடு. முதலில் நாட்டு ஓடு, அப்புறம் மங்களூர் ஓடு. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் ஆட்கள் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியதால் அந்தப் பெயர். மூன்றாவது, ஊருக்கு நாலைந்து மட்டும் இருக்கும் காரை வீடு, மெத்தை வீடு. செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்திரம், முன்னால் திண்ணை, நடுவில் முற்றம்.

மண் வீடுன்னா ஏதோ பலவீனமானதுன்னு நினைச்சுடாதீங்க. மண்ணைக் குழைத்து, மிதித்து, ஒரு வரிசை வைத்து, காயவிட்டு, அதன் மேல் அடுத்த வரிசை. ஒன்றரை அடி கனம் வரும். மே மாத வெயிலில் உள்ளே போனால் குளுகுளு என்றிருக்கும். காய்ந்த களிமண் தன் மேல் ஏறும் எடையை நன்றாகவே தாங்கும். மேலிருந்து வரும் மழைக்கும் வழி வைத்திருந்தார்கள். கூரையைச் சுவரைத் தாண்டி நன்றாக வெளியே இழுத்துத் தாழ்வாக இறக்கியிருப்பார்கள். அதனால்தான் அந்த வீடுகளுக்குள் குனிந்து போகணும். வருஷா வருஷம் பூசி மெழுகினால் ரெண்டு தலைமுறை நிற்கும்.

மண் சுவருக்கு ஆகாதது ஒன்றுதான்: கீழே நிற்கிற தண்ணீர். களிமண் துகள்களை இறுக்கிப் பிடித்திருப்பதே அது காய்ந்திருப்பதுதான். ஈரம் முழுசாக ஏறினால் அந்தப் பிடி போய்விடும். முழங்கால் அளவு தண்ணீர் சில மணி நேரம் நின்றாலே போதும். சுவரின் கீழ் ஒரு அடி சேறாகும். மேலே இருக்கிற ஏழெட்டு அடிச் சுவரும் கூரையும் அந்தச் சேற்றின் மேல் உட்காரும். அதாவது தண்ணீர் வேகமாக அடித்துத் தள்ள வேண்டும் என்று கட்டாயமே இல்லை. சும்மா நின்றாலே வீடு விழும். பல சமயம் வெள்ளம் வடிந்து, 'அப்பாடா' என்று உட்காரும்போதுதான் விழும்.

வீட்டோடு போகிறது வீடு மட்டுமல்ல. தானியம் கொட்டி வைக்கும் குலுக்கையும் மண்ணால் செய்ததுதான். ஒரு வருஷச் சாப்பாடு அதில் இருக்கும். அடுப்பு மண். ஆட்டுப்பட்டி, மாட்டுக்கொட்டகை எல்லாம் கீழ் மட்டத்தில். பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் கூரைக்கடியில் செருகி வைத்த பெட்டியில்.

காரை வீடு ஏன் நிற்கிறது? சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாக மாறும். அப்படி மாறினது தண்ணியில கரையாது. அதைவிட முக்கியமானது பேஸ்மட்டம். கல்லால் மூணடி, நாலடி உயரத்துக்குக் கட்டி அதன் மேல்தான் வீடு. நாம் ரொமான்டிக்காகப் பேசுகிற திண்ணை அந்தப் பேஸ்மட்டத்தின் முன்பக்கம்தான். வழிப்போக்கர் உட்கார்ந்தார், தாத்தா தாயம் ஆடினார், எல்லாம் சரி. ஆனா தெருவில் ஓடற தண்ணி வீட்டுக்குள்ள வராம இருந்ததும் அதே உயரத்தால்தான்.

எந்த வீடு எங்கே இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய வருவாய்க் கணக்கில் ஊர் குடியிருக்கும் இடத்துக்கு 'நத்தம்' என்று பேர். இன்றைக்கும் 'கிராம நத்தம்' என்று பட்டாவில் பார்க்கலாம். பல ஊர்களில் நத்தம் மேட்டில் இருக்கும். பள்ளத்தை நஞ்சைக்கு விட்டுவிட்டு, மேட்டில் குடியிருந்தார்கள். இதை முன்னோர் அறிவு என்று பெருமையாகச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். அந்த மேட்டில் எல்லாருக்கும் இடம் கொடுக்கவில்லை. ஊரை விட்டுத் தள்ளி வைக்கப்பட்டவர்களின் குடியிருப்பு பல இடங்களில் பள்ளத்தில், ஓடைக்கரையில், வாய்க்கால் பக்கம் இருந்தது. அங்கே இருந்ததும் மண் வீடு, பேஸ்மட்டம் இல்லாத வீடு. வெள்ளம் சாதி பார்க்காதுன்னு ஒரு வசனம் அடிக்கடி கேட்கிறோம். தண்ணீர் பார்க்காமல் இருக்கலாம். அது போகிற பள்ளத்தில் யார் இருக்கணும்னு ஏற்கெனவே பார்த்து முடிச்சிருந்தாங்க.

பழைய நகரங்களிலும் இப்படித்தான். 1961 ஜூலை 12-ல் பான்ஷெட் அணை உடைந்தபோது புனேயில் முத்தா நதியோரப் பேட்டைகளில் இருந்த பழைய 'வாடா' வீடுகள் ஏராளமாக விழுந்தன. செங்கல், மண், மரம் வைத்துக் கட்டிய நாலு கட்டு வீடுகள். அதற்குப் பிறகு புனே நகரத்தின் முகமே மாறியது. புனேக்காரர்கள் இன்றும் பான்ஷெட்டுக்கு முன், பான்ஷெட்டுக்குப் பின் என்று பேசுவார்கள்.

திண்டுக்கல்லில் ஏன் அப்படிப் பேசுவதில்லை? எனக்குத் தோன்றும் காரணங்கள் சில உண்டு.

ஒன்று, அப்போது திண்டுக்கல் மாவட்டமே இல்லை. 1985-ல்தான் பிரிந்தது. 1977-ல் வேடசந்தூர் மதுரை மாவட்டம். அணைக்குக் கீழே தண்ணீர் போன கரூர்ப் பக்கம் அப்போது திருச்சி மாவட்டம். ஒரே வெள்ளம், ரெண்டு மாவட்டக் கணக்கு. இன்றைக்கு இணையத்தில் 'திண்டுக்கல் வெள்ளம்' என்று தேடுகிறவருக்கு இது எப்படிக் கிடைக்கும்? ஆங்கிலத்தில் 'கொடகனார்', தமிழில் 'குடகனாறு' என்று எழுத்துக் குழப்பம் வேறு.

இன்னொன்று, நாகப்பட்டினம் புயல் கரை கடந்து சரியாக ஒரு வாரம். நவம்பர் 19-ல் ஆந்திராவின் திவிசீமையில் இன்னொரு புயல். கடல் ஊருக்குள் ஏறி வந்து சுமார் 10,000 பேர் இறந்தார்கள். நாட்டின் கண் முழுக்க அங்கே திரும்பிவிட்டது. ஒரு பெரிய துயரத்துக்குப் பக்கத்தில் நடக்கும் சின்னத் துயரம் செய்தியாகவே நிற்பதில்லை.

கடைசியாக, அணையைத் திரும்பக் கட்டினார்கள். இன்றும் அழகாபுரியில் அது நிற்கிறது. ஆறு பழையபடி காய்ந்துவிட்டது. மண் வீடுகளும் ஒவ்வொன்றாகப் போய், தொகுப்பு வீடு, அப்புறம் 2010-ல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் என்று கான்கிரீட் வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். நனைந்து கரையும் சுவருக்குள் யாரும் படுக்க வேண்டியதில்லை. ஆனால் கான்கிரீட் வீடு வந்ததோடு ஒரு தைரியமும் வந்தது: எங்க வேணும்னாலும் கட்டலாம்னு. சுவர் கரையாதுதான், தண்ணி உள்ள வருமே? பழைய வீட்டுக்கு மூணடி பேஸ்மட்டம். புது லேஅவுட்டில் ரோடு போடப் போட வீடு ரோட்டை விடக் கீழே போகிறது.

இப்போ அந்த ரிவர் வியூ விளம்பரத்துக்கு வருவோம். நான் தோழியிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்க. கொடுக்கத் தயங்கினா அங்கேயே யோசிங்க. எண் கிடைத்தால் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டாவும் அ-பதிவேடும் புலப்படமும் பார்க்கலாம். புலப்படத்தில் உங்கள் மனைக்கு ஒட்டி எந்த எண் இருக்கிறது, அது ஓடைப் புறம்போக்கா, வாய்க்கால் புறம்போக்கா என்று அ-பதிவேட்டில் தெரிந்துவிடும். அதன் பிறகு கூகுள் எர்த்தில் பழைய வருஷப் படங்களுக்குப் போங்கள். வறண்ட வருஷப் படத்தை விட்டுவிட்டு, நல்ல மழை பெய்த வருஷத்தின் நவம்பர், டிசம்பர் படத்தைத் தேடுங்கள். ஆறு எவ்வளவு அகலம் என்று அப்போதுதான் தெரியும். கோடையில் போய் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. இடம் விற்கிறவர்களும் கோடையில்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

பக்கத்துப் பழைய ஊருக்குள்ளேயும் ஒரு நடை போங்க. பழைய கோயில், பழைய காரை வீடு எந்த மட்டத்தில் இருக்கிறது, நீங்கள் பார்க்கும் மனை அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று கண்ணாலேயே அளந்துவிடலாம்.

தோழி சர்வே எண் கேட்டிருக்கிறாள். இதை ரெக்கார்ட் பண்ணும் வரை பதில் வரவில்லை.

ஒரு உதவி வேண்டும். வேடசந்தூர், அரவக்குறிச்சி பக்கம் உங்கள் அப்பத்தா, அம்மாச்சி, தாத்தா யாராவது 1977-ஐப் பார்த்தவர்கள் இருந்தால், போனில் ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்கள். தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு, எந்தத் தெரு வரைக்கும் வந்துச்சு, எந்த வீட்டுத் திண்ணையில ஏறி நின்னாங்கன்னு மட்டும் கேளுங்க. அவங்களுக்கு இப்போ எழுபது, எண்பது வயசு. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போறப்பவே கேட்டுடுங்க.